எபிசோட் உரை: நேரில் பார்த்தவர் வரலாறு எழுதலாமா? யோசெஃப் வூல்ஃபின் கதை

‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ பார்த்தவங்களுக்கு க்ராக்கோ கெட்டோ ஞாபகம் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நடுவுல சிவப்பு கோட் போட்ட ஒரு குழந்தை நடந்து போகுமே, அதுதான். அந்தக் கெட்டோவில் உண்மையிலேயே அடைக்கப்பட்டு, தலைமறைவு எதிர்ப்புக் குழுவில் வேலை செய்து, பிடிபட்டு, ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்ட ஒருத்தர் பின்னாடி ஜெர்மனிக்கே போய்க் குடியேறி வரலாற்றாசிரியர் ஆனார். அவர் பெயர் யோசெஃப் வூல்ஃப். நாஜிக் காலத்தைப் பற்றிய ஆவணங்களை ஜெர்மன் மொழியில் முதன்முதலில் தொகுதி தொகுதியாக வெளியிட்டவர்களில் அவர் முக்கியமானவர். ஆனா வாழ்ந்த காலத்துல ஜெர்மன் வரலாற்றுத் துறை அவரை உள்ளே விடவே இல்லை. ஏன் விடலை என்பதுதான் இன்றைய கதை.

வூல்ஃப் 1912இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்தில் பிறந்தார். வசதியான யூத வணிகக் குடும்பம். சின்ன வயசிலேயே போலந்தின் க்ராக்கோவுக்குப் போய்விட்டதால், ஜெர்மன், போலிஷ், யித்திஷ், ஹீப்ரூ எல்லாமே அவருக்கு வீட்டு மொழி மாதிரி. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். போரில் அப்பா, அம்மா, சகோதரர் என்று குடும்பத்தில் பெரும்பாலானவர்களை இழந்தார். மனைவியும் மகன் டேவிட்டும் போலிஷ் விவசாயிகள் வீட்டில் மறைந்திருந்து பிழைத்தார்கள். 1945 ஜனவரியில் சோவியத் படை நெருங்கியபோது நாஜிகள் ஆஷ்விட்ஸ் கைதிகளைப் பனியில் மேற்கு நோக்கி நடத்திக் கூட்டிப்போனார்கள். அந்த மரண நடையில் இருந்து வூல்ஃப் தப்பித்தார்.

தப்பித்தவர் அடுத்து என்ன செய்தார்? ஆவணம் சேகரிக்கப் போனார். போர் முடிந்த கையோடு போலந்தில் பிழைத்திருந்த யூதர்கள் ஒரு மத்திய வரலாற்று ஆணையம் அமைத்தார்கள். சாப்பாட்டுக்கே வழியில்லாத நேரம். எரிந்த அலுவலகங்களில் மிச்சமிருந்த கோப்புகளைப் பொறுக்கினார்கள், பிழைத்தவர்களின் வாக்குமூலங்களை எழுதி வாங்கினார்கள். வூல்ஃபும் அதில் இருந்தார். ஹோலோகாஸ்ட் ஆய்வு ஏதோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது என்று நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். பாதிக்கப்பட்டவர்கள்தான் அதை ஆரம்பிச்சாங்க.

அங்கிருந்து பாரிஸ். அங்கே லியோன் பொலியாகோவ் என்ற இன்னொரு யூத வரலாற்றாசிரியரைச் சந்தித்தார். அப்புறம் 1950களின் தொடக்கத்தில் வூல்ஃப் பெர்லினுக்குக் குடிபோனார். கூட இருந்தவங்க பலருக்கு இது புரியவே இல்லை. கொன்றவர்களின் ஊருக்கா போற? ஆனால் அவர் கணக்கு வேற. யாருக்காக எழுத வேண்டுமோ அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்கள் மொழியில் எழுத வேண்டும் என்று நினைத்தார்.

1955இல் வூல்ஃபும் பொலியாகோவும் சேர்ந்து ‘மூன்றாம் ரைஷும் யூதர்களும்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். அடுத்த வருஷம் ‘மூன்றாம் ரைஷும் அதன் ஊழியர்களும்’. 1959இல் ‘மூன்றாம் ரைஷும் அதன் சிந்தனையாளர்களும்’. தலைப்பைக் கவனிங்க. ஹிட்லர், ஹிம்லர், கோயபல்ஸ் என்று நாலு வில்லன்களைப் பற்றிய புத்தகங்கள் இல்லை இவை. வெளியுறவுத் துறை அதிகாரிகள், நீதிபதிகள், ராணுவத்தினர், பேராசிரியர்கள்தான் இதில் வருகிறார்கள். அவர்கள் எழுதிய கடிதம், போட்ட கையெழுத்து, ஆற்றிய உரை எல்லாம் பெயரோடு அச்சில் வந்தன. வூல்ஃப் பெரிசா விளக்கம் எழுத மாட்டார். ஒரு சின்ன முன்குறிப்பு, அப்புறம் ஆவணம், அவ்வளவுதான். 1963–64இல் இசை, ஓவியம், இலக்கியம், நாடகம்–சினிமா, பத்திரிகை–வானொலி என்று கலை உலகத்துக்கே தனித்தனித் தொகுதி போட்டார்.

இதுல என்ன சிக்கல்னா, அந்தப் பெயர்க்காரர்களில் நிறைய பேர் அப்போது உயிரோடு, நல்ல பதவியில் இருந்தார்கள். அன்றைய மேற்கு ஜெர்மனியில் இது எவ்வளவு சாதாரணம் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பெர்க் சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர் ஹான்ஸ் க்ளோப்கே. அவர்தான் 1950களில் பிரதமர் அடெனாவரின் அலுவலகத்துக்கே தலைமை அதிகாரி. இப்படிப்பட்ட நாட்டில் ஒரு வெளியாள், ஆஷ்விட்ஸ் கைதி எண் கையில் குத்தப்பட்ட ஒரு ஆள், பழைய ஃபைல்களைத் தூசி தட்டிப் பெயரோடு வெளியிடுகிறார். யாருக்குப் பிடிக்கும்?

இப்போ கதையில் இரண்டாவது ஆளைக் கொண்டு வரணும். மார்ட்டின் ப்ரோஷாட். 1926இல் லைப்சிக்கில் பிறந்தவர். வூல்ஃபின் முதல் புத்தகம் வந்த அதே 1955இல்தான் அவர் மியூனிக்கில் உள்ள சமகால வரலாற்று நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நாஜிக் காலத்தை ஆராய்வதற்காகவே அரசுப் பணத்தில் நடந்த நிறுவனம் அது. 1972இல் அதன் இயக்குநராகி, 1989இல் இறக்கும் வரை அந்தப் பதவியில் இருந்தார்.

ப்ரோஷாட்டை வில்லன் ஆக்கிடாதீங்க. அவர் செய்த வேலை லேசுப்பட்டது இல்லை. ஆஷ்விட்ஸ் தளபதி ருடால்ஃப் ஹூஸ் சிறையில் எழுதிய தன்வரலாற்றை 1958இல் பதிப்பித்துக் கொண்டுவந்தார். ஃப்ராங்க்ஃபர்ட்டில் 1963 முதல் 1965 வரை நடந்த ஆஷ்விட்ஸ் வழக்கில், வதைமுகாம்கள் எப்படி இயங்கின என்று நீதிமன்றத்துக்கு நிபுணர் அறிக்கை கொடுத்தார். 1969இல் வந்த ‘ஹிட்லரின் அரசு’ இன்றைக்கும் படிக்கப்படுகிற நூல். ஹிட்லர் மேலிருந்து பட்டனை அமுக்கினால் கீழே எல்லாம் நடந்துவிடும் ஒழுங்கான இயந்திரமாக நாஜி அரசு இல்லை, ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு மேலும் மேலும் தீவிரமான பல அதிகார மையங்களின் குழப்பம் அது என்று காட்டினார். யூதப் படுகொலை பற்றி ஹிட்லருக்கே தெரியாது என்று டேவிட் இர்விங் கதை விட்டபோது, 1977இல் அதை ஆதாரத்தோடு உடைத்தவரும் ப்ரோஷாட்தான்.

அப்படிப்பட்டவர் வூல்ஃபிடம் எப்படி நடந்துகொண்டார்? இதைக் கொஞ்சம் நிதானமாப் பார்ப்போம், ஏன்னா மொத்த விஷயமும் இங்கதான் இருக்கு.

1961இல் வூல்ஃப் வார்சா கெட்டோவின் அழிப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வார்சா கெட்டோவில் நாலு லட்சத்துக்கு மேல் மனிதர்களை ஒரு மதிலுக்குள் அடைத்தார்கள். 1940 நவம்பரில் அதை மூடினார்கள். 1942 ஜூலை 22இல் இருந்து ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயில்கள் போக ஆரம்பித்தன. இதற்குப் பொறுப்பான அதிகாரிகளின் வரிசையில் டாக்டர் வில்ஹெல்ம் ஹாகன் என்ற பெயரும் இருந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் வார்சாவின் ஜெர்மன் சுகாதார அதிகாரி அவர். போருக்குப் பிறகு? 1956 முதல் 1958 வரை மேற்கு ஜெர்மனியின் மத்திய சுகாதாரத் துறைக்கே தலைவர்.

சுகாதார அதிகாரிக்கும் கெட்டோவுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். நிறைய இருக்கு. மதில் கட்டியதற்கு ஜெர்மன் நிர்வாகம் சொன்ன காரணங்களில் ஒன்றே டைபஸ் காய்ச்சல்தான். ‘யூதர்களால் நோய் பரவுகிறது, அடைத்து வைக்க வேண்டும்’ என்றார்கள். அடைத்தார்கள், சாப்பாட்டைக் குறைத்தார்கள், கூட்டம் நெரிந்தது, அப்போதுதான் டைபஸ் நிஜமாகவே பரவியது. பசியில் யாராவது வெளியே உணவு தேடிப் போனால், ‘பார், நோயைப் பரப்புகிறான்’ என்றார்கள். 1941 அக்டோபரில் அனுமதியில்லாமல் கெட்டோவை விட்டு வெளியே வந்தால் மரண தண்டனை என்று சட்டமே வந்துவிட்டது. டாக்டர்களின் அறிக்கை இல்லாமல் இந்தத் தர்க்கம் ஓடாது.

ஹாகன் புத்தகத்தை எதிர்த்துக் கிளம்பினார். தன்னை நல்லவராகக் காட்ட அவர் கையில் ஒரு வலுவான ஆதாரமும் இருந்தது. 1942 டிசம்பரில் ஹிட்லருக்கே அவர் ஒரு கடிதம் எழுதியிருந்தார். இரண்டு லட்சம் போலந்துக்காரர்களை இடம் பெயர்க்கும் திட்டத்தில், முதியவர்களும் குழந்தைகளுமாக எழுபதாயிரம் பேரை ‘யூதர்களைச் செய்தது போலச்’ செய்துவிடும் யோசனை இருப்பதாகக் கேள்விப்பட்டேன், அது வேண்டாம் என்று அதில் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் இப்படி எழுத நிச்சயம் துணிச்சல் வேண்டும். அதற்காகப் பதவியும் போனது.

மியூனிக் நிறுவனம் ஹாகன் பக்கம் நின்றது. நிறுவனத்தின் சார்பில் ப்ரோஷாட் வூல்ஃபுக்குக் கடிதம் எழுதினார். மரியாதைக்குரிய ஒரு டாக்டரின் பெயரைக் கெடுத்துவிட்டீர்கள், திருத்தம் வெளியிடுங்கள் என்பதுதான் அதன் சாரம். விசாரித்துப் பார்த்தீர்களா என்றால், ஹாகன் தானே தன்னைப் பற்றிச் சொன்னதுதான் அவர்களுக்குச் சான்று. கெட்டோவையும் முகாமையும் உள்ளே இருந்து பார்த்தவர் எழுதினால் உணர்ச்சிவசப்படுகிறார், நடுநிலை இல்லை. ஆக்கிரமிப்பு நிர்வாகத்தில் சம்பளம் வாங்கியவர் சொன்னால் அது சாட்சியம்.

எனக்கு இதுல ரொம்ப உறுத்துறது வேற ஒன்று. ஹாகன் பெருமையாகக் காட்டிய அந்தக் கடிதத்தையே திரும்பப் படிங்க. ‘யூதர்களைச் செய்தது போல’. அப்படின்னா யூதர்களை என்ன செய்தார்கள் என்று அவருக்குத் தெரியும். போலந்துக்காரர்களுக்காக எழுதிய பேனா, அதே வருஷம் கோடையில் தன் கண்முன்னே வார்சாவில் இருந்து ரயிலேற்றப்பட்டவர்களுக்காக எழுதவில்லை. இதைக் கேட்க ஒரு வரலாற்றாசிரியருக்குப் புது ஆவணம்கூடத் தேவையில்லை.

ஆனால் புது ஆவணமும் இருந்தது. வூல்ஃப் சும்மா உட்காரவில்லை. 1941 ஜூலையில் ஹாகன் எழுதிய ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். டைபஸைத் தடுக்கும் நடவடிக்கை என்ற பெயரில், வெளியே அலைகிற யூதர்களைச் சுட வேண்டும் என்று அதில் பரிந்துரை இருந்தது. அதை எழுதிய மாதத்தைப் பாருங்க. மரண தண்டனைச் சட்டம் வருவதற்கு மூன்று மாதம் முந்தி!

இவ்வளவுக்குப் பிறகு துறை அவரிடம் மன்னிப்புக் கேட்டுச் சேர்த்துக்கொண்டதா? இல்லை. 1970இல் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகம் ஒரு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பட்டம் கிடைத்ததே தவிர வேலை கிடைக்கவில்லை. கடைசி வரை எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவருக்கு நிரந்தர இடம் இல்லை. பதிப்பாளர் கொடுக்கும் பணத்தில்தான் ஓட்டினார்.

வூல்ஃப் ஒருத்தருக்கு மட்டும்தான் இப்படி நடந்ததா என்றால் அதுவும் இல்லை. வியன்னாவில் இருந்து அமெரிக்காவுக்குத் தப்பிப்போன ராவுல் ஹில்பெர்க் 1961இல் ஐரோப்பிய யூதர்களின் அழிப்பைப் பற்றி ஒரு மாபெரும் நூல் வெளியிட்டார். ஜெர்மன் மொழிபெயர்ப்பு போடலாமா என்று ஒரு பதிப்பகம் 1964இல் மியூனிக் நிறுவனத்திடம் கேட்டபோது, வேண்டாம் என்று ஆலோசனை போனது. ஜெர்மனில் அது வந்தது 1982இல்.

இப்போ வூல்ஃபின் கடைசிப் பெரிய முயற்சிக்கு வருவோம். பெர்லினின் தென்மேற்கில் வான்ஸீ ஏரி. கரையில் ஒரு அழகான மாளிகை. 1942 ஜனவரி 20ஆம் தேதி அங்கே பதினைந்து பேர் கூடினார்கள். தலைமை ஹெய்ட்ரிஷ், மினிட்ஸ் எழுதும் பொறுப்பு ஐக்மனுக்கு. ஐரோப்பா முழுக்க உள்ள யூதர்களை அழிப்பதில் எந்தத் துறை என்ன செய்யும் என்று பேசினார்கள். யூதர்களைக் கொல்வது ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது. இது துறைகளை ஒருங்கிணைக்கும் கூட்டம், நம்ம ஆபீஸ் மீட்டிங் மாதிரி. மினிட்ஸ் முப்பது பிரதி எடுத்தார்கள். போருக்குப் பிறகு 1947இல், வழக்கறிஞர் ராபர்ட் கெம்ப்னரின் குழு வெளியுறவுத் துறைக் கோப்புகளில் அதில் ஒரே ஒரு பிரதியைக் கண்டுபிடித்தது. ‘கான்ஸ்பிரசி’ என்று 2001இல் ஒரு படம் வந்ததே, கென்னத் ப்ரானா நடித்தது, அது இந்தக் கூட்டத்தைப் பற்றியதுதான்.

போருக்குப் பிறகு அந்த மாளிகை என்ன ஆனது தெரியுமா? 1952இல் இருந்து பள்ளிப் பிள்ளைகள் வந்து தங்கிப்போகும் விடுதி. வூல்ஃப் கேட்டது எளிமையான கேள்வி: குழந்தைகளுக்கு இன்னொரு ஏரிக்கரையில் நல்ல விடுதி கட்டிக்கொடுத்துவிட்டு, இந்த வீட்டை நாஜிக் காலத்தை ஆராயும் சர்வதேச ஆவண மையமாக மாற்றலாமே? 1966இல் இதற்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார். தத்துவவாதி கார்ல் யாஸ்பெர்ஸ் மாதிரி பெரிய மனிதர்களின் ஆதரவு வந்தது. உலக யூத காங்கிரஸ் பணம் திரட்டித் தர முன்வந்தது. எதிர்ப்பும் வந்தது. பிள்ளைகளைத் துரத்துகிறார்கள் என்றார்கள். மேற்கு பெர்லின் மேயர் க்ளாஸ் ஷூட்ஸ், அப்படியொரு விபரீதமான வழிபாட்டிடம் தன் ஊரில் வேண்டாம் என்கிற தொனியில் மறுத்தார். ஷூட்ஸ் வலதுசாரியும் இல்லை, சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். வூல்ஃப் கட்டடத்தைக் கேட்டார், வேறு இடத்தைக் காட்டினார்கள். அவருக்கு அந்த வீடுதான் வேண்டும். 1970களின் தொடக்கத்தில் சங்கமே கலைந்துவிட்டது.

1973இல் மனைவி இறந்தார். அடுத்த வருஷம், 1974 அக்டோபர் 10 அன்று, 61 வயதில் வூல்ஃப் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குச் சில வாரங்களுக்கு முன் மகன் டேவிட்டுக்கு எழுதிய கடிதத்தில், பதினெட்டுப் புத்தகம் போட்டும் எந்த விளைவும் இல்லை என்று எழுதியிருந்தார். கொலைகாரர்கள் சொந்த வீட்டில் தோட்டத்தில் பூச்செடி வளர்த்துக்கொண்டு சுதந்திரமாக இருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார். இஸ்ரேலின் ஹோலோனில் அடக்கம் செய்தார்கள்.

ப்ரோஷாட் அதற்குப் பிறகும் பதினைந்து வருஷம் துறையின் உச்சியில் இருந்தார். 1985இல் ஒரு பெரிய கட்டுரை எழுதினார். நாஜிக் காலத்தை ஒழுக்கக் கண்டனத்தோடு தள்ளி நின்று பார்ப்பதை விட்டுவிட்டு, மற்ற எந்தக் காலத்தையும் போல வரலாற்றுக்குள் வைத்துப் படிக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. சாதாரண மனிதர்களின் அன்றாட வாழ்க்கையைப் பார்க்காமல் அந்த ஆட்சியைப் புரிந்துகொள்ள முடியாதுதான். இதற்குப் பதில் சொன்னவர் சால் ஃப்ரீட்லேண்டர். ப்ராகில் பிறந்து, ஃப்ரான்ஸில் கத்தோலிக்கப் பையனாக ஒளித்து வளர்க்கப்பட்டவர். பெற்றோர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். 1987இன் கடைசி மாதங்களில் இருவரும் கடிதத்தில் விவாதித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களின் நினைவு மதிக்கத்தக்கது, ஆனால் அதில் புராணத் தன்மை இருக்கிறது, ஜெர்மனியின் இளைய வரலாற்றாசிரியர்கள் தேடுவது அறிவு சார்ந்த புரிதல் என்று ப்ரோஷாட் பிரித்துப் பேசினார். அப்படியானால் ஹிட்லர் இளைஞர் படையில் வளர்ந்த உங்கள் தலைமுறைக்கு அந்தக் காலத்தோடு உணர்ச்சித் தொடர்பு எதுவும் இல்லையா, எங்களுக்கு மட்டும்தான் இருக்கிறதா என்பதுதான் ஃப்ரீட்லேண்டரின் பதில் கேள்வி.

இந்தக் கேள்வியின் முழு எடை தெரிய இன்னும் பதினைந்து வருஷம் ஆனது. 2002இல் வெளிவந்த செய்தி: 1944 ஏப்ரலில் நாஜிக் கட்சியின் உறுப்பினர் பட்டியலில் மார்ட்டின் ப்ரோஷாட்டின் பெயர் இருக்கிறது. அப்போது அவருக்குப் பதினேழு வயசு. அந்த வயதுப் பையன்களைக் கூட்டமாகப் பட்டியலில் சேர்த்த காலம். அவருக்குத் தெரிந்தே நடந்ததா என்பதிலேயே வரலாற்றாசிரியர்கள் அடித்துக்கொண்டார்கள். பதினேழு வயசுப் பையனை நான் இங்கே கூண்டில் நிறுத்தலை. முப்பத்தேழு வயசு ஆராய்ச்சியாளராக அவர் வூல்ஃபுக்கு எழுதிய கடிதம்தான் என் கணக்கில் பெரிய விஷயம். அந்தக் கடிதப் போக்குவரத்தை 2003இல் விரிவாக வெளியே கொண்டுவந்தவர் நிக்கோலஸ் பெர்க் என்ற இளம் வரலாற்றாசிரியர். மேற்கு ஜெர்மன் வரலாற்றாசிரியர்கள் ஹோலோகாஸ்டை எப்படிக் கையாண்டார்கள் என்பதுதான் அவர் புத்தகமே. ஆவணத்தைத் தேடி எடு, பெயரோடு அச்சில் போடு என்ற வூல்ஃபின் அதே முறையில்தான் பெர்க் அதை எழுதினார், இந்த முறை ஃபைல் வரலாற்றாசிரியர்களுடையது. ஜெர்மனியில் பெரிய சண்டை கிளம்பியது. ப்ரோஷாட்டின் மாணவர்கள் பலர் கோபப்பட்டார்கள், நியாயமில்லை என்றார்கள்.

ஃப்ரீட்லேண்டர் தன் பதிலை வேற விதமா எழுதினார். நாஜி ஜெர்மனியும் யூதர்களும் பற்றிய அவருடைய இரண்டு தொகுதிகளில் அதிகாரிகளின் கோப்புக்குப் பக்கத்திலேயே கெட்டோவில் எழுதப்பட்ட டைரிகள் வரும். ரயிலேற்றும் உத்தரவு ஒரு பத்தியில், அந்த ரயிலுக்காகக் காத்திருந்தவரின் வரி அடுத்த பத்தியில். இரண்டாவது தொகுதிக்கு 2008இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. யித்திஷும் போலிஷும் தெரிந்த ஒருத்தரை 1955இலேயே கையில் வைத்துக்கொண்டு, ஜெர்மன் துறை இந்த வேலையைத் தொடங்காமல் விட்டது.

வான்ஸீ மாளிகை? கூட்டம் நடந்த ஐம்பதாவது ஆண்டு நாளில், 1992 ஜனவரி 20 அன்று, அது நினைவிடமாகவும் கல்வி மையமாகவும் திறக்கப்பட்டது. வூல்ஃப் கேட்ட அதே வீடு, அவர் இறந்து பதினேழு வருஷம் கழித்து. பெர்லின் போகிறவர்கள் எஸ்-பான் ரயிலில் வான்ஸீ ஸ்டேஷன் போய் அங்கிருந்து பஸ் பிடிக்கலாம், அனுமதி இலவசம். உள்ளே ஒரு நூலகம் இருக்கு. பள்ளிப் பிள்ளைகள் இப்பவும் வகுப்பு வகுப்பா அங்க வந்து உட்கார்ந்து ஆவணங்களைப் படிக்கிறாங்க. அந்த நூலகத்தின் பெயர் யோசெஃப் வூல்ஃப் நூலகம்.